எழுதுபொருள்களின் கதை – 14: ஈமு முட்டைக்குள் மை

ஐரோப்பிய அரசர்கள் தங்கள் அரண்மனைகளில் அதிசயப் பொருள்களுக்கென்று தனி அறை வைத்திருந்ததைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். தீக்கோழி முட்டை, நாட்டிலஸ் கிளிஞ்சல், தேங்காய்ச் சிரட்டை எல்லாம் அங்கே போய் வெள்ளிப் பூண் கட்டிக்கொண்டு கிண்ணங்களாகவும் கூஜாக்களாகவும் மாறின. ஜெர்மன் பொற்கொல்லர்கள் இதில் பேர் போனவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இந்தக் கைவேலை கப்பலேறி உலகத்தின் மறுகோடிக்குப் போனது. அங்கே தீக்கோழி இல்லை, ஈமு இருந்தது. அரண்மனைகள் இல்லை, ஆனால் மாதக்கணக்கில் கடிதத்துக்குக் காத்திருக்கும் ஒரு குடியேற்றச் சமூகம் இருந்தது. அந்தச் சமூகத்தின் மேஜைகளுக்காகச் சிட்னியிலும் மெல்போர்னிலும் அடிலெய்டிலும் செய்யப்பட்ட மைக்கூடுகளைப் போல விசித்திரமானவை வேறெங்கும் அதிகம் கிடையாது. இன்று அவை அருங்காட்சியகங்களிலும், தேடித் தேடிச் சேர்ப்பவர்களின் கண்ணாடி அலமாரிகளிலும் இருக்கின்றன.

1851இல் நியூ சவுத் வேல்ஸிலும் விக்டோரியாவிலும் தங்கம் அகப்பட்டது. விக்டோரியாவில் அந்த ஆண்டு இருந்த குடியேறிகள் மொத்தம் சுமார் 77 ஆயிரம் பேர். பத்தே ஆண்டுகளில் 5 லட்சத்து 40 ஆயிரம் பேர் ஆகிவிட்டார்கள். மண்வெட்டியோடு வந்தவர்களோடு உளியும் சுத்தியலும் கொண்டுவந்தவர்களும் இருந்தார்கள். கோபன்ஹேகனில் 1820இல் பிறந்த ஜூலியஸ் ஹோகார்த், தன் கூட்டாளி கான்ராட் எரிக்சனுடன் 1852 கடைசியில் சிட்னியில் இறங்கினார். தங்கம் தோண்ட வந்தவர்தான். தோண்டி எடுப்பவர்களுக்கு நகை செய்து விற்பதில் வருமானம் நிலையானது என்று சீக்கிரமே தெரிந்துகொண்டு, சிட்னியில் 'ஹோகார்த், எரிக்சன்' கடையைத் தொடங்கினார். கங்காரு, ஈமு, பெரணிச்செடி, உள்நாட்டுப் பூக்கள் என்று அந்த மண்ணில் கண்டதையெல்லாம் உலோகத்தில் கொண்டுவந்த முதல் வரிசைக் கலைஞர்களில் ஒருவர் அவர். 1855ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சிக்கு அவர்களுடைய வேலைப்பாடு போனது. கடை நெடுநாள் நிற்கவில்லை. 1861இல் நொடித்துப்போனது. ஹோகார்த் பிறகு மெல்போர்ன் போய்ச் சேர்ந்து 1879இல் காலமானார்.

அவர் விட்ட இடத்தில் சிட்னியில் தொடர்ந்தவர் இன்னொரு டேனிஷ்காரர், கிறிஸ்டியன் லுட்விக் க்விஸ்ட். அவருக்குப் பின் இவான் ஜோன்ஸ். மெல்போர்னில் வில்லியம் எட்வர்ட்ஸ், 1857இல் லண்டனிலிருந்து வந்தவர். அடிலெய்டில் இரண்டு பேர்: அப்போது டேனிஷ் அரசரின் ஆட்சியிலிருந்த ஹோல்ஸ்டைனிலிருந்து 1854இல் வந்த யோக்கிம் மத்தியாஸ் வெண்ட், ஜெர்மனியிலிருந்து 1858இல் வந்த ஹென்றி ஸ்டைனர். இருவருமே ரண்டல் தெருவில் கடை வைத்தார்கள். பெயர்களைப் பாருங்கள். பிரிட்டிஷ் காலனியின் கௌரவச் சின்னங்களைச் செய்தவர்களில் பாதிக்கு மேல் பிரிட்டிஷ்காரர்கள் அல்ல. அந்நிய தேசத்தில் அந்நியர்களாக இருந்ததால்தான் அவர்களுடைய கண்ணுக்கு ஈமு முட்டை அவ்வளவு அழகாகத் தெரிந்தது என்பது என் எண்ணம். அங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கு அது வெறும் முட்டை.

உண்மையில் அது அழகான முட்டைதான். கிட்டத்தட்ட 13 சென்டிமீட்டர் நீளம், அரைக் கிலோவுக்கு மேல் எடை. ஓடு கரும்பச்சை. கைவிரலால் தடவினால் பொடிப்பொடியாக மேடு தட்டுப்படும். அந்தப் பச்சைக்குக் கீழே வெளிறிய நீலப்பச்சை, அதற்கும் கீழே வெள்ளை. அடுக்கடுக்காக இருப்பதால் மேலோட்டமாகச் சுரண்டினால் ஒரு நிறம், இன்னும் சுரண்டினால் இன்னொரு நிறம் என்று ஓட்டின் மேலேயே சித்திரம் தீட்ட முடியும். அடை காப்பது ஆண் ஈமு. எட்டு வாரம் ஏறக்குறைய பட்டினியாகவே உட்கார்ந்திருக்கும். முட்டையைத் துளையிட்டு, உள்ளிருப்பதை ஊதி வெளியேற்றி, கழுவி உலர்த்தி நகரத்துக்கு அனுப்புவது மேய்ச்சல் நிலங்களில் இருந்தவர்களுக்கு ஒரு சில்லறை வருமானமாக இருந்தது.

மைக்கூடு எப்படிச் செய்தார்கள் என்று ஒன்றைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அடியில் நீள்வட்ட மரப்பலகை. கருங்காலி போலத் தெரியும்படி கறுப்புச் சாயம் ஏற்றியது. பலகையின் மேல் கரடுமுரடான வெள்ளித் தரை, அதில் ஆங்காங்கே சிறு செடிகள். நடுவே ஒரு மரப்பெரணி. ஆஸ்திரேலியாவின் ஈரக் காடுகளில் தென்னை போல உயர்ந்து நிற்கும் பெரணி இது. அந்த அடிமரத்தின் செதில்களைக்கூட உளியால் கொத்திக் காட்டியிருப்பார்கள். மேலே விரியும் இலைகள் மெல்லிய வெள்ளித் தகட்டில் வெட்டி, நரம்பு நரம்பாகத் தட்டி, நுனியைச் சுருட்டிவிட்டவை. அந்த இலைகளின் மேல் முட்டை உட்கார்ந்திருக்கும். குறுக்கே அறுத்த முட்டை அது. அறுத்த விளிம்பு இரண்டுக்கும் இலைப்பல் வடிவத்தில் வெள்ளிப் பட்டி. பின்பக்கம் கீல். மூடியின் உச்சியில் குட்டிக் கங்காருவோ ஈமுவோ நின்றிருக்கும், அதுதான் கைப்பிடி. அதைப் பிடித்துத் திறந்தால் உள்ளே வெள்ளி வளையத்துக்குள் ஒரு கண்ணாடிப் புட்டி. மை அந்தப் புட்டிக்குள். முன்னால் பேனா வைக்க ஒரு பள்ளம், அல்லது இரண்டு கிளைகள். பலகையைக் கவிழ்த்தால் திருகாணிகளும் மரைகளும் தெரியும். மேலே உள்ள ஒவ்வோர் உருவமும் தனித்தனியாக வார்க்கப்பட்டு அங்கே முடுக்கப்பட்டது. அதனால்தான் ஒரே கங்காரு உருவம் ஒரே பட்டறையின் நாலைந்து பொருள்களில் வெவ்வேறு மரத்தடியில் நின்றுகொண்டிருக்கும்.

கண்ணாடிப் புட்டி ஏன்? அந்தக் காலத்து மை நேரடியாக வெள்ளியில் படக்கூடாது. மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய மை அது. நம் ஊரில் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துச் செய்த மைக்கு உறவுக்காரன். புளிப்பேறிய அந்தத் திரவம் எஃகு முள்ளையே அரித்துத் தின்றுவிடும். வெள்ளியைக் கறுப்பாக்கிவிடும். கண்ணாடியும் பீங்கானும் மட்டுமே தாக்குப்பிடித்தன. ஆகவே எவ்வளவு ஆடம்பரமான மைக்கூடானாலும் உள்ளே ஒரு சாதாரணப் புட்டி இருந்தே தீரும். அந்தப் புட்டி உடைந்துபோய் வேறொன்று வைக்கப்பட்டிருக்கிறதா என்பதைத்தான் விவரம் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பார்கள்.

ஓலையில் எழுதிய நம் முன்னோருக்கு மைக்கூட்டின் தேவையே இருக்கவில்லை. எழுத்தாணியால் கீறி முடித்த பிறகுதான் கரியோ மஞ்சளோ பூசித் துடைப்பார்கள். மைக்கூடு நம் வீட்டுக்குள் வந்தது காகிதத்தோடும் சர்க்கார் கச்சேரியோடும். சென்னை மவுண்ட் ரோட்டில் பி. ஆர் அண்ட் சன்ஸ் நிறுவனம் விற்ற வெள்ளிச் சாமான்களில் விஷ்ணுவும் சிவனும் வரிசையாகப் புடைத்து நிற்பார்கள். 'சுவாமி வெள்ளி' என்று அதற்குப் பெயர். ஆட்சி செய்ய வந்தவர்கள் தங்கள் ஊருக்குத் திரும்பும்போது கொண்டுபோன நினைவுப் பொருள் அது. சென்னையில் தெய்வங்களைச் செதுக்கிக் கொடுத்தார்கள். மெல்போர்னில் செதுக்கிக் கொடுத்தது மனிதர்களை.

*

அதைத்தான் இந்த அத்தியாயத்தில் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

ஈமு முட்டை மைக்கூடுகள் பலவற்றில் மரப்பெரணிக்கு அடியில் கங்காருவும் ஈமுவும் மட்டும் நிற்பதில்லை. ஈட்டியோ பூமராங்கோ ஏந்திய பழங்குடி ஆணும், அவருக்கு அருகே ஒரு பெண்ணும் நிற்பார்கள். இரண்டு அங்குல உயரம், மூன்று அங்குல உயரம். உடற்கட்டும் நிற்கும் தோரணையும் நேர்த்தியாக இருக்கும். ஹோகார்த்தின் பட்டறையில் செய்யப்பட்ட உருவங்கள் கலைத்திறனில் உயர்ந்தவை, சந்தேகமில்லை. ஆனால் மிருகங்களோடு மிருகங்களாக, மேஜை அலங்காரமாக அவர்கள் நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். அந்த மேஜையில் உட்கார்ந்து அந்த மையைத் தொட்டு எழுதியவர்கள் நிலப் பத்திரமும் மேய்ச்சல் உரிமமும் எழுதியவர்கள். யாருடைய நிலம் கைமாறியதோ அவர்களே மைக்கூட்டின் அடியில் வெள்ளிப் பொம்மைகளாக நின்றார்கள்.

மெல்போர்ன் நகரமே ஒரு மைக்கையெழுத்தில் தொடங்கியது. 1835 ஜூன் மாதம் ஜான் பேட்மன் என்பவர், முன்கூட்டியே எழுதிக் கொண்டுவந்த ஒரு பத்திரத்தில் உருண்ட்ஜெரி என்ற பூர்வகுடியின் மூத்தவர்களிடம் குறி வாங்கினார். சுமார் 6 லட்சம் ஏக்கர். விலை: போர்வை, கத்தி, கோடரி, முகம் பார்க்கும் கண்ணாடி, மாவு. மூன்று மாதம் ஆவதற்குள், ஆகஸ்ட் 26ஆம் தேதி, ஆளுநர் போர்க் அந்த ஒப்பந்தம் செல்லாது என்று பிரகடனம் செய்தார். பூர்வகுடிகளுக்கு நீதி செய்வதற்காக அல்ல. நிலம் முழுவதும் ஏற்கெனவே பிரிட்டிஷ் முடியாட்சிக்குச் சொந்தம், அதை விற்க அவர்களுக்கு உரிமையே இல்லை என்பது அவர் சொன்ன காரணம். ஒரு மையெழுத்து பறித்ததை இன்னொரு மையெழுத்து வேறு பெயரில் பறித்துக்கொண்டது. பேட்மனின் பத்திரம் எழுதப்பட்டபோது பக்கத்தில் சிறுவனாக நின்றதாகப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் வில்லியம் பாரக்.

1863 மே 24, விக்டோரியா மகாராணியின் பிறந்தநாள். மெல்போர்னில் ஆளுநர் ஹென்றி பார்க்லி நடத்திய வரவேற்புக்குச் சைமன் வோங்கா என்பவரின் தலைமையில் பூர்வகுடித் தூதுக்குழு ஒன்று சென்றது. மகாராணிக்கென்று பின்னிய கூடைகள், போசம் தோல், ஆயுதங்கள் கொண்டுபோனார்கள். பாரக் அவர்களோடு இருந்தார். அடுத்த மாதமே மெல்போர்னுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் கிழக்கே கோரண்டர்க் என்ற இடம் அவர்களுக்காக ஒதுக்கப்பட்டது. அவர்கள் அங்கே வீடு கட்டினார்கள், பயிர் செய்தார்கள். நிலம் நன்றாக விளைய ஆரம்பித்ததும் அரசின் பூர்வகுடிகள் பாதுகாப்பு வாரியம் அவர்களை அங்கிருந்து கிளப்பப் பார்த்தது.

அப்போது கோரண்டர்க் மக்கள் கையில் எடுத்தது பேனாவையும் மையையும். அமைச்சர்களுக்கும் பத்திரிகைகளுக்கும் கடிதம் மேல் கடிதம் போனது. பாரக்குக்கு எழுத வராது. அவரும் மற்றவர்களும் சொல்லச் சொல்ல, பள்ளியில் எழுதப் படித்த இளைஞர்கள் எழுதினார்கள். தாமஸ் டன்னோலி என்பவரின் கையெழுத்து இந்த மனுக்களில் முக்கியமானது. மனு போதாது என்று தோன்றியபோது மெல்போர்ன் வரை நடந்தே போய்ச் சட்டமன்ற வாசலில் நின்றார்கள். 1881இல் நாடாளுமன்ற விசாரணைக் குழுவே அமைக்க வேண்டியதாயிற்று. அதன் முன் பூர்வகுடிகள் நேரில் சாட்சி சொன்னார்கள். 1886இல் வந்த கொடிய சட்டம் ஒன்று கலப்பு வம்சத்தவரை அங்கிருந்து வெளியேற்றி அந்தச் சமூகத்தையே இரண்டாக்கியது. அதற்கும் அவர்கள் மனு எழுதினார்கள். பாரக் 1903இல் கோரண்டர்க்கிலேயே காலமானார். அவருடைய மனுக்கள் ஆவணங்களில் இருக்கின்றன, அவர் காவிமண்ணும் கரியும் கொண்டு தீட்டிய சடங்குச் சித்திரங்களைப் பெரிய அருங்காட்சியகங்கள் போட்டி போட்டு வைத்திருக்கின்றன.

வில்லியம் எட்வர்ட்ஸ் மெல்போர்னில் முட்டைக்கு வெள்ளி கட்டிய காலமும் கோரண்டர்க்கில் மனு எழுதப்பட்ட காலமும் ஒன்றோடொன்று ஒட்டியவை. இரண்டு இடமும் நடந்தே போய்விடும் தூரத்தில் இருந்தன. கோரண்டர்க் மனுக்கள் எந்த மைப்புட்டியைத் தொட்டு எழுதப்பட்டனவோ, அது காலணாப் புட்டியாகத்தான் இருந்திருக்கும். எந்தச் சேகரிப்பிலும் அதற்குப் பெயர்ச்சீட்டு கிடையாது. மைக்கூடுகளின் சரித்திரம் எழுதுகிற ஒருவர் வெள்ளி மைக்கூட்டை மட்டும் பார்த்துவிட்டு அந்தப் புட்டியை விட்டுவிட்டால் பாதிக் கதையைத்தான் சொன்னவராவார்.

*

வெள்ளி வேலைக்குத் திரும்புவோம்.

1867–68இல் விக்டோரியா மகாராணியின் மகன் இளவரசர் ஆல்ஃபிரட் ஆஸ்திரேலியா வந்தார். அரச குடும்பத்திலிருந்து அங்கே போன முதல் ஆள். ஊர் ஊராக வரவேற்பு, வரவேற்புக்கு வரவேற்பு வெள்ளிப் பேழை. வெண்ட்டுக்கு 'இளவரசரின் நகை வேலைக்காரர்' என்ற பட்டம் கிடைத்தது. சிட்னியில் 1868 மார்ச் 12ஆம் தேதி ஒருவர் இளவரசரைச் சுட்டு, அவர் உயிர் தப்பியது தனிக் கதை. ஆனால் அந்தப் பயணத்துக்குப் பிறகு முட்டையும் மரப்பெரணியும் கங்காருவும் கொண்ட வெள்ளிப் பொருள் காலனிப் பெருமையின் அடையாளமாகவே ஆகிவிட்டது. வங்கி மேலாளர் ஓய்வு பெற்றால், மாஜிஸ்திரேட் ஊர் மாறினால், போதகர் தாய்நாடு திரும்பினால், ஊரார் பணம் சேர்த்துக் கொடுக்கும் பரிசில் மைக்கூடு தவறாமல் இடம் பெற்றது. பெரிய கோப்பையை விட விலை குறைவு. மேஜையில் வைத்துத் தினமும் பார்க்கலாம். 'அந்த ஊரில் இருந்தேன்' என்று சொல்லாமல் சொல்லும்.

கங்காருவும் ஈமுவும் ஒன்றையொன்று பார்த்து நிற்கும் சின்னம் அரசாங்கத்தால் ஏற்கப்பட்டது 1908இல்தான். அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, 1806இல், ரிச்மண்ட் பக்கம் பௌமன் குடும்பத்தார் தைத்த ஒரு கொடியில் அந்த ஜோடி இருந்தது. இடைப்பட்ட காலத்தில் அதைச் சாமானிய மேஜைகளில் உயிரோடு வைத்திருந்தவர்கள் இந்தப் பொற்கொல்லர்கள். எட்வர்ட்ஸ் தன் பெயரெழுத்துகளோடு கங்காருவையும் ஈமுவையும் முத்திரையாகவே குத்தினார்.

முத்திரை விஷயம் சேகரிப்பவர்களுக்கு உயிர். இங்கிலாந்தில் வெள்ளியின் தரத்தைச் சோதித்து முத்திரையிடச் சட்டப்படி அமைந்த சாலைகள் இருந்தன. ஆஸ்திரேலியக் காலனிகளில் அப்படி எதுவும் இல்லை. ஒவ்வொருவரும் தன் பெயரைக் குத்தினார்கள், கூடவே ஆங்கில முத்திரை மாதிரி தெரியட்டும் என்று கிரீடமோ சிங்கமோ குத்தினார்கள். ஸ்டைனரின் பொருள்களில் பெயரோடு சிங்கத்தையும் கிரீடத்தையும் காணலாம். வாங்குபவரின் நம்பிக்கை முழுக்கச் செய்தவரின் பெயரில் இருந்தது.

1879இல் சிட்னியும், 1880 அக்டோபரில் மெல்போர்னும் சர்வதேசக் கண்காட்சி நடத்தின. வெள்ளி வேலைக்கு அது உச்சகாலம். சிட்னியில் அதற்கென்று கட்டிய கார்டன் பேலஸ் 1882 செப்டம்பர் 22ஆம் தேதி அதிகாலை தீப்பிடித்து, பெரும்பாலும் மரத்தாலான அந்த மாளிகை சில மணி நேரத்தில் சாம்பலாகிவிட்டது. அதற்குள்ளே வைத்திருந்த பூர்வகுடிப் பொருள்களின் பெரும் தொகுதி ஒன்றும் எரிந்துபோனது. பின்னாளில் பவர்ஹவுஸ் அருங்காட்சியகமாக வளர்ந்த நிறுவனத்தின் முதல் சேகரிப்பும் திறப்பு விழாவுக்கு முன்பே போயிற்று. மெல்போர்னின் கண்காட்சிக் கட்டடம் தப்பி நிற்கிறது. 1901இல் ஆஸ்திரேலியக் கூட்டாட்சியின் முதல் நாடாளுமன்றம் அங்கேதான் கூடியது. அந்தக் கூட்டாட்சிக்கும் ஒரு மைக்கூடு உண்டு. 1900 ஜூலையில் விக்டோரியா மகாராணி அரசமைப்புக்கு ஒப்புதல் அளித்துக் கையெழுத்திட்ட மேஜை, பேனா, மைத்தட்டு மூன்றையும் ஆஸ்திரேலியாவுக்கே கொடுத்துவிட்டார்.

அதற்குள் முட்டை மைக்கூட்டின் காலம் முடிந்துவிட்டது. ஸ்டைனர் குடும்பத்தாரை டைபாய்டில் பறிகொடுத்துவிட்டு 1884 வாக்கில் ஜெர்மனிக்கே திரும்பினார். புரோக்கன் ஹில்லில் வெள்ளிச் சுரங்கம் கண்டுபிடிக்கப்பட்டது 1883இல். சொந்த மண்ணில் வெள்ளி கொட்டத் தொடங்கிய நேரத்தில் அதைக் கையால் வேலை செய்யும் பட்டறைகள் மங்கத் தொடங்கின. பர்மிங்ஹாமிலிருந்து இயந்திரத்தில் அழுத்திச் செய்த பொருள்கள் மலிவாக வந்திறங்கின. 1893இல் மெல்போர்னில் வங்கிகள் வரிசையாகக் கதவைச் சாத்தின. பரிசு கொடுக்கிற கையும் சுருங்கியது.

*

விசித்திர மைக்கூடுகள் முட்டையோடு முடியவில்லை. பண்ணை வீடுகளில் குதிரைக் குளம்பு மைக்கூடுகள் இருந்தன. பிரியமான குதிரை இறந்தால் ஒரு குளம்பை எடுத்துப் பதப்படுத்தி, மெருகேற்றி, பித்தளையோ வெள்ளியோ மூடி போட்டு, உள்ளே கண்ணாடிப் புட்டி வைப்பார்கள். வாட்டர்லூவில் வெலிங்டன் ஏறிய 'கோபன்ஹேகன்' என்ற குதிரை 1836இல் இறந்தது. அதன் குளம்பு ஒன்று பிறகு மைக்கூடாயிற்று. ஆஸ்திரேலியாவில் குதிரைப் பாசம் அதிகம். 'ஃபார் லாப்' என்ற பந்தயக் குதிரையின் தோல் மெல்போர்னிலும் இதயம் கான்பராவிலும் எலும்புக்கூடு நியூசிலாந்திலும் இருக்கின்றன. முதல் உலகப் போருக்குப் போன 1 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆஸ்திரேலியக் குதிரைகளில் ஊர் திரும்பியது 'சாண்டி' ஒன்றுதான். ஒரு விலங்கின் எச்சத்தைத் தினமும் கை படுகிற இடத்தில் வைத்துக்கொள்ள ஏன் விரும்பினார்கள் என்பதை இந்தப் பின்னணியில் புரிந்துகொள்ளலாம்.

லண்டனில் டௌல்ட்டன் நிறுவனம் 1908 வாக்கில் செய்த ஒரு மண்பாண்ட மைக்கூட்டையும் இங்கே சொல்ல வேண்டும். கைகளைக் கட்டிக்கொண்டு, முகத்தைச் சுளித்து நிற்கும் வயதான பெண். மார்பில் 'பெண்களுக்கு வாக்குரிமை' என்ற வாசகம். தலையைப் பின்னுக்குச் சாய்த்தால் உடம்புக்குள் மை. வாக்குரிமை கேட்ட பெண்களைக் கேலி செய்யச் செய்தது. அதே கேலி மைக்கூட்டை ஆஸ்திரேலியாவில் இன்று ஆர்வலர்கள் ஆசையாகத் தேடி வாங்குகிறார்கள். அங்கே பெண்கள் அந்தக் கேலிக்கு முன்பே வென்றிருந்தார்கள். 1891இல் விக்டோரியா காலனிப் பெண்கள் வீடு வீடாக ஏறி இறங்கிச் சேர்த்த மனுவில் சுமார் 30 ஆயிரம் கையெழுத்துகள். ஒன்றோடொன்று ஒட்டியபோது நீளம் 260 மீட்டர். அடுப்படி மேஜையில் மைப்புட்டியைத் திறந்து வைத்து இட்ட கையெழுத்துகள். 1902இல் கூட்டாட்சித் தேர்தலில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. மெல்போர்னின் வைடா கோல்ட்ஸ்டைன் 1903இல் செனட்டுக்கே போட்டியிட்டார். மாநிலத் தேர்தலில் விக்டோரியா இணங்கியது 1908இல். அந்த 1902 சட்டம் பெரும்பாலான பூர்வகுடிகளை, ஆணையும் பெண்ணையும், வெளியே நிறுத்தியது. அவர்கள் 1962 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சிட்னியின் 'தி ராக்ஸ்' பகுதியில் 1994இல் நடந்த பெரிய அகழாய்விலும், மெல்போர்ன் லிட்டில் லான்ஸ்டேல் தெருவில் 1980களின் கடைசியிலிருந்து நடந்த அகழாய்வுகளிலும் ஏழைத் தொழிலாளர் வீடுகளின் சாமான்கள் வெளியே வந்தன. நகரம் 'சேரி' என்று ஒதுக்கிய தெருக்கள் அவை. ஸ்லேட்டுப் பலகை, பலப்பம், மைப்புட்டி எல்லாம் அந்த வீடுகளில் இருந்திருக்கின்றன. இந்த மலிவுப் புட்டிகளிலும் விசித்திர வடிவம் உண்டு: குடிசை போல, கூண்டு போல, படகு போல, பனிவீடு போல. சரிந்து விழாமல் நிற்கவும், பேனாவைச் சார்த்தவும், கடையில் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியவும் அந்த வடிவங்கள் உதவின. 1960, 70களில் பழைய குப்பைமேடுகளைத் தோண்டிப் புட்டி எடுப்பது ஆஸ்திரேலியாவில் ஒரு பித்தாகவே பரவியது. பாரம்பரியச் சட்டங்கள் வந்த பிறகு பழைய வாழிடங்களை அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம். அது சரியான கட்டுப்பாடு. மண்ணிலிருந்து பிடுங்கிய புட்டி அழகாக இருக்கும், யார் வீட்டில் எந்தச் சாமானோடு கிடந்தது என்ற செய்தி போய்விடும்.

வெள்ளி மைக்கூடுகளை மறதியிலிருந்து மீட்டவர்கள் சேகரிப்பவர்களும் வியாபாரிகளும்தான். 1950களில் அவை தூசி பிடித்த பழஞ்சாமான். உருக்கி வெள்ளியாக விற்றவர்களும் உண்டு. 1969இல் கர்ட் ஆல்பிரெக்ட் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆஸ்திரேலியப் பொற்கொல்லர்களைப் பற்றிப் புத்தகம் எழுதினார். ஜான் ஹாக்கின்ஸ் 1973இல் கண்காட்சி நடத்தி, 1990இல் இரண்டு தொகுதிகளாகப் பெரிய நூலை வெளியிட்டார். பெயரும் முத்திரையும் பட்டறையும் பட்டியலான பிறகு மதிப்பு ஏறியது. மதிப்பு ஏறியதும் போலிகளும் வந்தன. பெயரில்லாத பழைய வெள்ளியில் புதிதாக ஸ்டைனர் பெயரைக் குத்துவது, உடைந்த இரண்டு பொருள்களைச் சேர்த்து ஒன்றாக்குவது எல்லாம் நடக்கிறது.

காட்டிக் கொடுப்பது பெரும்பாலும் முட்டைதான். வெளிச்சம் பட்டுப் பட்டு நூற்றைம்பது வருட முட்டை பச்சை போய்ப் பழுப்பாகியிருக்கும். வெள்ளிப் பட்டிக்கு அடியில் ஒளிந்த பகுதி மட்டும் கரும்பச்சையாகவே இருக்கும். பட்டியை லேசாக நகர்த்தி அந்த எல்லைக்கோட்டைப் பார்த்தால் முட்டையும் வெள்ளியும் ஆரம்பத்திலிருந்தே சேர்ந்து இருந்தவையா என்று தெரிந்துவிடும். பழைய முட்டை உடைந்து புதிது பொருத்தியிருந்தால் அந்தக் கோடு இருக்காது. பட்டிக்கும் ஓட்டுக்கும் நடுவே நூலளவு இடைவெளி வேறு தெரியும். ஒரு முட்டைக்கு அளவெடுத்து அடித்த பட்டி இன்னொரு முட்டைக்குக் கச்சிதமாக உட்காராது. இத்தகைய முக்கியமான பழம்பொருள்கள் நாட்டை விட்டுப் போவதை 1986ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கட்டுப்படுத்துகிறது. முட்டைக்கு வனவிலங்குச் சட்டத்தின் அனுமதி வேறு.

ஈமு முட்டையில் வேலை செய்வது அந்தப் பொற்கொல்லர்களோடு நின்றுவிடவில்லை. நியூ சவுத் வேல்ஸின் மேற்கே பூர்வகுடிக் கலைஞர்கள் தலைமுறை தலைமுறையாக ஓட்டின் அடுக்குகளைச் சுரண்டிச் சித்திரம் செதுக்குகிறார்கள். வில்கேனியாவில் பிறந்த பார்க்கின்ஜி கலைஞர் பேட்ஜர் பேட்ஸ் இதைத் தன் பாட்டியிடம் கற்றவர். அவர்களுடைய முட்டைகளில் கங்காருவும் ஈமுவும் வேட்டைக்காரர்களும் வருகிறார்கள். செதுக்குபவர் யாரோ அவருடைய ஊர், அவருடைய ஆறு, அவருடைய குடும்பக் கதை. அருங்காட்சியகங்கள் இப்போது இவற்றையும் வெள்ளி கட்டிய முட்டைகளோடு சேர்த்து வாங்குகின்றன.

மைக்கூட்டைத் தேவையற்றதாக்கியது மையைத் தனக்குள்ளேயே சுமந்துகொண்ட ஃபவுண்டன் பேனா. அந்தப் பேனா இந்தியாவில் சுதேசியான கதையைத் தேடி அடுத்த அத்தியாயத்தில் கோதாவரிக் கரைக்கு, ராஜமுந்திரியின் ரத்னம் பட்டறைக்குப் போவோம்.

(தொடரும்)